யார் திறந்தார், எதற்குத் திறந்தார்: மருத்துவமனைக் கணினியில் பார்வைப் பதிவு அமைத்த அனுபவம்

நான் கணினிப் பொறுப்பாளராக இருக்கும் தனியார் மருத்துவமனை கிருஷ்ணகிரியில் உள்ளது. படுக்கைகள் 80, நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 புறநோயாளிகள் வருகிறார்கள், கணினியில் வேலை செய்யும் பணியாளர்கள் 96 பேர். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் காப்பீட்டுத் தளம் திறக்காமல் போனாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். இங்கே எழுதப்போவது அந்த வேலைகளைப் பற்றி அன்று. நோயாளியின் மருத்துவப் பதிவை யார், எப்போது, எந்த வேலைக்காகத் திறந்தார் என்று பின்னால் சொல்லக்கூடிய ஓர் ஏற்பாட்டை, ஏற்கெனவே இருந்த மென்பொருளையும் ஓரங்கட்டிய ஒரு பழைய கணினியையும் கொண்டு ஐந்து மாதங்களில் அமைத்தோம். எங்கெங்கே சறுக்கினோம் என்பதையும் சேர்த்து, இதே அளவுள்ள மருத்துவமனையில் இதே வேலையைப் பார்க்கும் ஒருவருக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

தொடக்கம் ஒரு கேள்விதான். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் தனியாக வந்து, பரிசோதனை செய்துகொண்டு, முடிவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறியிருக்கிறார். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த முடிவு அவருடைய மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை அவருடைய அண்ணன் வந்து மருத்துவக் கண்காணிப்பாளர் முன் நின்றார். சத்தம் போடவில்லை. "எங்க தங்கச்சி ரிப்போர்ட்டை யார் யார் பார்த்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் கேக்கல" என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. மென்பொருளில் 'செயல்பாட்டுப் பதிவு' என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் உள்நுழைந்த நேரம், திருத்தியது, அச்செடுத்தது ஆகியவை மட்டுமே இருந்தன. ஒருவர் பதிவைத் திறந்து படித்துவிட்டு மூடியதற்கு எந்தத் தடயமும் இல்லை. அன்று மாலை 3 மணி முதல் 5 மணி வரை உள்ளே இருந்த கணக்குகளைப் பார்த்தால், அவற்றில் ஒன்று 'வார்டு2'. அந்த ஒரு லாகினை மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து 14 பேர் பயன்படுத்தினார்கள். கடவுச்சொல் மானிட்டரின் அடியில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அதை மாற்றியது கடைசியாக எப்போது என்று தேடினேன்: 2019.

பிளாஸ்திரியில் எழுதிய கடவுச்சொல்

96 பேருக்கு இருந்த கணக்குகள் மொத்தம் 19. வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேருக்கு இன்னும் அந்தக் கடவுச்சொற்கள் நினைவிருக்கும் என்று கணக்கிடவே மனம் வரவில்லை. இது எங்கள் ஊர்க் கவலை மட்டுமன்று. அமெரிக்காவில் தென் புளோரிடாவில் உள்ள மெமோரியல் ஹெல்த்கேர் சிஸ்டம், 2017-இல் 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதனுடன் இணைந்த ஒரு மருத்துவர் அலுவலகத்தின் முன்னாள் ஊழியருடைய லாகின் 2011 ஏப்ரல் முதல் 2012 ஏப்ரல் வரை நாள்தோறும் பயன்படுத்தப்பட்டு, ஏறக்குறைய 80,000 பேருடைய விவரங்கள் பார்க்கப்பட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை என்பது அங்கே முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டது. நோயாளிகளின் விவரங்களைக் காக்கும் அந்த நாட்டின் ஹிப்பா சட்டத்தில், பதிவு எழுதிவைப்பதும் எழுதியதை அவ்வப்போது எடுத்துப் படிப்பதும் இரண்டு தனித்தனிக் கடமைகள். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு லாகின் என்று அறிவித்ததும் எதிர்ப்பு வந்தது, வந்ததில் நியாயமும் இருந்தது. 20 ஆண்டு அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் என்னை நிறுத்தி, "சார், ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தர் மூச்சு வாங்கிட்டுக் கிடக்கும்போது, நான் யாருன்னு கம்ப்யூட்டருக்கு நிரூபிச்சிட்டு நிக்க முடியுமா?" என்று கேட்டார். எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் அடிக்கச் சொன்னால், ஒருவர் காலையில் திறந்துவைத்ததை மாலை வரை எல்லோரும் பயன்படுத்துவார்கள். பிளாஸ்திரியை எடுத்துவிட்டு அதே வழக்கத்தைத் தொடர்ந்ததாகவே ஆகும்.

வருகைப் பதிவுக்காக எல்லோர் கழுத்திலும் ஏற்கெனவே ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய ரீடரை வாங்கிக் கணினிகளில் பொருத்தினேன். இந்த ரீடருக்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. கணினி அதை ஒரு விசைப்பலகையாகவே நினைத்துக்கொள்ளும். அட்டையைக் காட்டினால் 10 இலக்க எண்ணை அடித்து, என்டரையும் அதுவே தட்டிவிடும். 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளை நகலெடுப்பது எளிது என்பதால், அட்டையுடன் 4 இலக்க ரகசிய எண்ணையும் கேட்கும்படி அமைத்தோம். மூன்று நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும். வார்டில் நின்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். உள்ளே போக 4 நொடி ஆயிற்று. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு விநோதம் நடந்தது. சில நோயாளிகளின் கைபேசி எண்கள் 000 என்று தொடங்குவதை பில்லிங் கவுண்ட்டரில் இருந்தவர் காட்டினார். விஷயம் இதுதான்: திரை பூட்டவில்லை என்பதைக் கவனிக்காமல் சிலர் பழக்கத்தில் அட்டையைக் காட்டியிருக்கிறார்கள், அப்போது கர்சர் கைபேசி எண் பெட்டியில் நின்றிருக்கிறது, அட்டை எண்ணும் 10 இலக்கம், கைபேசி எண்ணும் 10 இலக்கம் என்பதால் மென்பொருள் எந்தக் கேள்வியும் கேட்காமல் சேமித்துவிட்டது. உள்நுழைவு அட்டையின் எண் நோயாளியின் பதிவில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. அப்படி எண் வெளியான ஏழு அட்டைகளையும் மாற்றினோம். கைபேசி எண் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில்தான் தொடங்கவேண்டும் என்று அந்தப் பெட்டிக்கு ஒரு கட்டுப்பாடும் போட்டோம். அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

படிப்பதற்குத் தடயம் இல்லை

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் தரவுத்தளத்தில் டிரிகர் எழுதிவிடலாம் என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்தேன். டிரிகர் என்பது ஒரு வரியைச் சேர்க்கும்போதும் மாற்றும்போதும் நீக்கும்போதும்தான் விழிக்கும். வெறுமனே படித்தால் விழிக்காது. அந்தரங்கம் கெடுவதோ பெரும்பாலும் படிப்பதனால்தான். எங்கள் தரவுத்தள மென்பொருளான மரியாடிபியில் தணிக்கைச் செருகுநிரல் ஒன்று உண்டு, அது ஒவ்வொரு வினவலையும் எழுதிவைக்கும். ஆனால் எங்கள் மென்பொருள் 96 பேருக்கும் சேர்த்து ஒரே தரவுத்தளப் பயனராகத்தான் உள்ளே போகிறது. ஆகவே அதில் எல்லா வரிகளிலும் ஒரே பெயர்தான் வந்தது.

அடுத்து, உலாவி கேட்கும் பக்கங்களை அனுப்பிவைக்கும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் அணுகல் பதிவைப் பார்த்தேன். மருத்துவமனை மென்பொருள் பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டு உலாவியில் இயங்குவது. ஒவ்வொரு பக்கமும் அப்பாச்சி வழியாகத்தான் போகவேண்டும். எந்தக் கணினி, எந்த நேரம், எந்த முகவரி ஆகிய மூன்றும் அதில் இருந்தன, ஆனால் பயனர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது, ஏனென்றால் லாகினை மென்பொருள் தானே கவனித்துக்கொள்கிறது, அப்பாச்சிக்கு அது தெரியாது. உள்நுழைந்தவரை அடையாளம் காண உலாவி வைத்திருக்கும் தற்காலிக எண்ணான செஷன் குக்கீயைப் பதிவில் எழுதவைத்து அதைக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. உயிரோடிருக்கும் செஷன் எண் பதிவுக் கோப்பில் கிடந்தால், அந்தக் கோப்பைப் படிக்க முடிந்தவர் இன்னொருவராக உள்ளே போய்விடலாம் என்பதால் அதைக் கைவிட்டேன்.

கடைசியில் உதவியது பிஎச்பியில் உள்ள அப்பாச்சி நோட் என்னும் சிறு வசதி. பிஎச்பி அப்பாச்சியின் தொகுதியாக இயங்கும் இடங்களில், நிரல் ஒரு துண்டுச் சீட்டை அப்பாச்சியிடம் நீட்டலாம். பதிவு எழுதும்போது அப்பாச்சி அந்தச் சீட்டில் இருப்பதையும் சேர்த்து எழுதும். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்புக் கோப்பில், பயனர் பெயருக்கு ஒன்றும் நோயாளி எண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு சீட்டுகளை நீட்டும் இரண்டு வரிகளைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். நோயாளி எண் முகவரியிலேயே தெரிகிறதே என்று விட்டுவிடக்கூடாது. பரிசோதனை முடிவுப் பக்கம் எண்ணை முகவரியில் காட்டாமல் படிவத்துக்குள் வைத்து அனுப்புகிறது, எங்களுக்கு மிக முக்கியமான பக்கமே அதுதான். இந்த இரண்டு வரிகளுக்கு மென்பொருள் விற்றவர்கள் எடுத்துக்கொண்டது 34 நாள். மாறாகத் தேடல் பக்கத்தில் தட்டிய நோயாளியின் பெயர் முகவரியிலேயே வந்து பதிவில் விழுந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை எழுதவேண்டாம் என்று அமைப்பை மாற்றினேன்.

நாளொன்றுக்கு ஏறக்குறைய 6,400 திறப்புகள் பதிவாயின. ஒரு வரிக்கு 150 பைட் என்று வைத்தாலும் ஒரு நாளுக்கு ஒரு எம்.பி.க்குள் அடங்கும், ஓர் ஆண்டுக்கு 350 எம்.பி. சேமிக்க இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எவ்வளவு காலம் வைப்பது என்பதற்கு, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல் 180 நாள் என்கிறது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் ஓராண்டு என்கின்றன. இந்தப் பகுதி நடைமுறைக்கு வர அறிவிப்பிலிருந்து 18 மாத அவகாசம் இருந்தாலும், இப்போதே ஓராண்டு என்று வைத்துக்கொண்டோம்.

கடிகாரம் பற்றி ஒரு சொல். வருகைப் பதிவுக் கருவியையும் கணினிப் பதிவையும் ஒப்பிட்டபோது, காலை ஷிஃப்டில் பாதிப் பேர் பணிக்கு வருவதற்கு முன்பே பதிவுகளைத் திறந்ததாக வந்தது. சர்வர் 4 நிமிடம் பின்தங்கியும் வருகைக் கருவி 11 நிமிடம் முந்தியும் ஓடியதே காரணம்: சரியாக 8 மணிக்கு அட்டை காட்டியவர் 8.11-க்கு வந்ததாகவும், 8.02-க்குத் திறந்த பதிவு 7.58-க்குத் திறந்ததாகவும் எழுதப்பட்டிருந்தன. மேற்சொன்ன செர்ட்-இன் வழிகாட்டுதல் தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வருடன் கடிகாரங்களைப் பொருத்தச் சொல்கிறது. சர்வரை அதனோடு பொருத்தி, வருகைக் கருவியைச் சர்வரோடு பொருத்தினேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பிறகு ஒரு கணினி மட்டும் 2009-க்குப் போய்விடும்; அதற்கு சி.ஆர். 2032 என்னும் சிறு பொத்தான் பேட்டரி ஒன்று போதுமானதாக இருந்தது.

என்னை யார் கண்காணிப்பது

பதிவுக் கோப்பு சர்வரில் இருக்கிறது, சர்வரின் முழு அதிகாரம் என்னிடம் இருக்கிறது. நான் எதையாவது பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தால் யாருக்கும் தெரியாது. இதைக் கண்காணிப்பாளரிடம் நானே சொன்னபோது அவர் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரங்கட்டிய ஒரு கணினியை நிர்வாக அலுவலர் அறையில் வைத்து, பதிவுகளை வேறு கணினிக்கு அனுப்பும் ஆர்சிஸ்லாக் என்னும் மென்பொருள் மூலம் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட உடனே அங்கும் போய்ச் சேரும்படி செய்தோம். அந்தக் கணினியின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. அது உறையிலிட்டுக் கண்காணிப்பாளரின் பெட்டகத்தில் இருக்கிறது. நள்ளிரவில் அந்தக் கணினி அன்றைய கோப்பை மூடி, ஷா-256 முறையில் அதன் முத்திரை எண்ணை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இதுவும் மாறிவிடும்) கணக்கிட்டு, அதை மறுநாள் கோப்பின் முதல் வரியாக எழுதும். ஆகவே நடுவில் ஒரு நாளை மாற்றினால் அதற்குப் பின்வரும் எல்லா நாள்களும் பொருந்தாமல் போகும். முத்திரையின் 64 எழுத்துகளில் முதல் ஆறையும் கடைசி ஆறையும் நிர்வாக அலுவலர் தினமும் காலையில் ஒரு நீள நோட்டில் பேனாவால் எழுதிக் கையொப்பம் இடுகிறார். அந்த நோட்டு பார்க்க மளிகைக் கடைக் கணக்கு போலத்தான் இருக்கும், ஆனால் இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான்.

முதல் மாதமே ஒரு சறுக்கல் நேர்ந்தது. அந்த அறையில் மின்சாரக் கெட்டிலுக்காக யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்துவிட்டார்கள். 9 மணி நேரப் பதிவு அங்கே போய்ச் சேரவில்லை. எதிர்முனை கிடைக்காதபோது வட்டில் வரிசை கட்டிக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பை நான் போடாததால், சர்வரில் இருந்த மூலத்தைத்தான் பிறகு கொண்டுவந்து சேர்த்தோம். அந்த நாளுக்கு எதிரே நோட்டில் சிவப்பு மையில் குறிப்பு இருக்கிறது. இப்போது வரிசையும் உண்டு. 15 நிமிடம் ஒரு வரியும் வராவிட்டால் எனக்கும் நிர்வாக அலுவலருக்கும் குறுஞ்செய்தியும் வரும்.

முன்னெழுத்துக்குப் பின்னால் உறவைத் தேடுதல்

இங்குவரை எழுதியதெல்லாம் எளிய பகுதி. யார் திறந்தார் என்பது தெரிந்துவிட்டது. திறந்ததற்கு வேலை இருந்ததா என்பதற்கு எந்த மென்பொருளும் விடை தராது. மருத்துவமனை அன்றாடம் விட்டுச்செல்லும் வேலைத் தடங்களில்தான் அது கிடைக்கும். ஓ.பி. சீட்டு, சேர்க்கை, லேப், மருந்தகம், பில், மருத்துவரின் குறிப்பு ஆகிய எதிலும் அந்த நோயாளிக்குத் திறப்புக்கு முன்னும் பின்னும் 3 நாள்களுக்குள் ஓர் அசைவும் இல்லையென்றால், அந்தத் திறப்பைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். முதல் வாரத்தில் 1,140 விழுந்தன. அத்தனை பேரும் அத்துமீறினார்கள் என்றால் மருத்துவமனையையே மூடவேண்டியதுதான்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கோரிக்கைகளுக்காகக் காப்பீட்டு மேசையில் இருப்பவர் மூன்று வாரத்துக்கு முந்தைய கோப்புகளைத் திறக்கிறார். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஆறு மாதம் கழித்துப் பெற்றோர் வருகிறார்கள், அப்போது பிரசவப் பதிவைத் திறந்துதான் தேதி பார்க்கவேண்டும். இத்தகைய தேவைகளுக்காக, அண்மையில் அசைவில்லாத பதிவைத் திறக்கும்போது காரணத்தைக் கேட்கும் ஒரு சிறு பெட்டியை வைத்தோம். ஒரே வாரத்தில் வார்டு நர்ஸுகள் 70 முறை 'காப்பீடு' என்பதைத் தட்டியிருந்தார்கள், ஏனென்றால் அதுதான் பட்டியலில் முதலில் இருந்தது. இப்போது அந்தத் தெரிவு காப்பீட்டு மேசைக்கு மட்டுமே தெரியும்.

மிகப் பெரிய குவியல் வரவேற்பு மேசையிலிருந்து வந்தது. ஒரு பணியாளர் ஒரு நிமிடத்துக்குள் ஏழு மாதம்மாள்களின் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருந்தார். அருகில் போய் நின்று பார்த்தேன். எதிரே ஒரு பாட்டி, சீட்டு கொண்டுவரவில்லை, பெயர் மாதம்மாள். தேடினால் திரையில் வருவது பெயரும் வயதும் மட்டும். இந்தப் பக்கத்தில் மாதம்மாளுக்கும் முனியம்மாளுக்கும் மாதேஷுக்கும் குறைவே இல்லை. வயது என்று எழுதியிருப்பதும் அன்றைக்கு வாயில் வந்த எண். ஆகவே ஒவ்வொரு பதிவாகத் திறந்து, உள்ளே இருக்கும் ஊரைப் படித்து, "பாட்டி, நீங்க மத்தூரா?" என்று கேட்டு, இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பதைத் தவிர அந்தப் பணியாளருக்கு வேறு வழி இல்லை. திறந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு மாதம்மாளின் நோய் விவரம் கண்ணில் படுகிறது. தேடல் பட்டியலிலேயே ஊர், கணவர் அல்லது தந்தை பெயர், கைபேசியின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைக் காட்டும்படி மாற்றினோம். நாளொன்றுக்கு 6,400 ஆக இருந்த திறப்புகள் ஏறக்குறைய 4,700 ஆகக் குறைந்தன. ஒருவரையும் கண்டிக்காமல் குறைந்தவை இவை.

பிறகு உறவு. அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் கண்காணிப்பு மென்பொருள்களில், பணியாளரும் நோயாளியும் ஒரே குடும்பப் பெயர் உடையவர்களா என்று பார்ப்பது வழக்கமான விதி. நம்மிடம் குடும்பப் பெயர் என்பதே இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக இருப்பது ஒரு முன்னெழுத்து, அக்காவுக்குத் திருமணமானால் அதுவும் மாறிவிடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் பெயரில் ஒற்றுமை எதுவும் இராது. எங்களுக்கு வந்த புகாரிலோ செய்தி போய்ச் சேர்ந்தது மாமியார் வீட்டுக்குத்தான்.

ஆகவே தந்தை அல்லது கணவர் பெயர், கைபேசி எண், ஊர் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் உறவாக இருக்கலாம் என்று வைத்தேன். ஊர்ப் பெயர் படுத்தியது. பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் மாவட்டம் ஆதலால் ஒரே ஊர் ஒருவர் கையில் வேப்பனப்பள்ளி, இன்னொருவர் கையில் வேப்பனஹள்ளி. பள்ளி, ஹள்ளி, அள்ளி என்னும் ஈறுகளை வெட்டி, உயிரெழுத்துகளை நீக்கி, இரட்டித்த எழுத்துகளை ஒன்றாக்கி ஒப்பிட்டபோது, வேப்பனப்பள்ளியும் காவேரிப்பட்டணமும் எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. புதிய பதிவுகளுக்கு ஊரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றிவிட்டோம். கைபேசி எண்ணிலும் ஒரு பாடம் கிடைத்தது: ஒரே எண் 212 நோயாளிகளுக்கு இருந்தது; கைபேசி இல்லாதவர்களுக்கு எங்கள் வரவேற்பு மேசையின் எண்ணையே போட்டிருந்தார்கள்.

எச்.ஐ.வி. தொடர்பான பதிவுகள், கருக்கலைப்பு, போக்சோ வழக்குகள், கர்ப்பகால ஸ்கேன் ஆகியவற்றுக்கு விதி கடுமையானது. அங்கே வேலைத் தடம் இருந்தாலும் துறை பொருந்தவேண்டும். எச்.ஐ.வி.க்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், கருக்கலைப்புக்கு 2021-இல் திருத்தப்பட்ட சட்டமும் அந்தரங்கத்தைத் தனியே வலியுறுத்துகின்றன. ஸ்கேனை நான் சேர்த்ததற்குக் காரணம் இந்த மண். பெண்சிசுக் கொலையைத் தடுக்க, பெற்றோர் வளர்க்க விரும்பாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தருமபுரிக்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி 2004 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள் உள்ள ஒருத்தி மீண்டும் கருவுற்றிருக்கிறாள் என்னும் செய்தி இங்கே வெறும் ஊர்வம்பாக நின்றுவிடாது.

இந்த அறிக்கை தயாரானபோதுதான் அதுவே ஒரு கசிவு என்பது உறைத்தது. எச்.ஐ.வி. பதிவுகளை யார் திறந்தார் என்று பெயரோடு அச்செடுத்தால், அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு யார் யார் நோயாளி என்பதும் சேர்ந்தே தெரியும். இப்போது அறிக்கையில் நோயாளி எண் மட்டும் இருக்கும், எந்த விதியில் சிக்கியது என்பது ஒரு குறியெழுத்தாக இருக்கும், தாள் சனிக்கிழமை மாலைக்குள் கிழித்துப் போடப்படும்.

வாரம் 30 முதல் 40 வரை விழுகின்றன. சனிக்கிழமை காலை கண்காணிப்பாளரும் நர்சிங் சூப்பரின்டெண்டென்டும் நானும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறோம். எல்லாமே எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். மூன்று ஷிஃப்டுக்கும் தனித்தனியாகக் கூட்டம் போட்டு, எது பதிவாகும், யார் படிப்பார்கள் என்பதை விளக்கினோம். மறைவாக வைத்துப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதுவரை உண்மையான அத்துமீறல் என்று சொல்லத்தக்கவை சில கிடைத்தன. இரண்டு பேர் பக்கத்து வீட்டாரின் பதிவைப் பார்த்திருந்தார்கள். கேட்டபோது மறைக்கவில்லை, "தெரிஞ்சவங்களாச்சே, எப்படி இருக்காங்கன்னு பார்த்தேன் சார்" என்றார்கள். உறவினர் சேர்க்கப்பட்டால் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது கடமை என்று வளர்ந்தவர்கள் நாம்; கணினியில் எட்டிப்பார்ப்பதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். முதல் முறை பேச்சோடு விடுவது, மறுமுறை எழுத்தில் விளக்கம் கேட்பது என்று முடிவாயிற்று. தண்டனையிலிருந்து தொடங்கியிருந்தால் மறுவாரமே அட்டைகள் கைமாறத் தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

பதிவுக்கு எட்டாதவையும் உண்டு. திரையைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்கு வரி இல்லை. கவுண்ட்டரில் கிடக்கும் எக்ஸ்ரே உறையில் எழுதியிருக்கும் பெயரை யார் படித்தார் என்பதற்கும் வரி இல்லை. அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை கிடையாது. பழைய நாள்களுக்குப் பதிவைப் புதிதாக உண்டாக்க முடியாது.

சென்ற மாதம் வேறொரு கேள்வி வந்தது. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கண்கலங்கி வந்து நின்றார். அவருடைய ஊர்க்காரர் ஒருவரின் சிகிச்சை விவரம் ஊருக்குள் பரவிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் இவள்தான், இவள்தான் சொல்லியிருப்பாள் என்று கோயில் திடலில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். "சார், நான் அவர் ஃபைலைத் தொடவே இல்ல. அதை எழுதிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். உறையைப் பிரித்துப் பழைய கணினியிலிருந்து மூன்று மாதக் கோப்புகளை எடுத்தோம், முத்திரைகளை நோட்டோடு ஒப்பிட்டோம், அனைத்தும் பொருந்தின. அந்த நோயாளி எண்ணுக்கு எதிரே இவருடைய கணக்கு ஓரிடத்திலும் இல்லை.

நிர்வாக அலுவலர் கடிதத்தில் 'இவர் அந்தப் பதிவைப் பார்க்கவில்லை' என்று எழுதினார். அதை மாற்றச் சொன்னேன். பக்கத்துத் திரையில் பார்த்தாரா, யாராவது வாய்மொழியாகச் சொன்னார்களா என்பதெல்லாம் எங்கள் பதிவுக்குத் தெரியாது. 'குறிப்பிட்ட காலத்தில் இவருடைய கணக்கிலிருந்து அந்தப் பதிவு திறக்கப்படவில்லை' என்று திருத்தினோம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அந்தப் பெண் கேட்டார், விளக்கினேன். நோயாளியின் பெயரும் எண்ணும் கடிதத்தில் இருக்கக்கூடாது என்பதால், 'குறிப்பிட்ட பதிவு' என்று மட்டுமே எழுதினோம். கண்காணிப்பாளர் கையொப்பமிட்ட அந்தத் தாளை அவர் நான்காக மடித்து, அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார்.